நுவரெலியாவில் ஒரு எம்ஜிபி: வெபர் ஏற்றலாமா?

"எஸ்யூ இரண்டையும் கழற்றிப் போட்டு 45 வெபர் ஒன்று ஏற்றினால் கார் பறக்கும்." எம்ஜிபி என்ற பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவருக்கு கராஜ் பாஸ், அதாவது மெக்கானிக், சொல்லும் யோசனை இது. எஸ்யூவும் வெபரும் காற்றையும் பெற்றோலையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் காபரேட்டர் வகைகள். மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டையும் மாற்றி ஓடுகிற காருக்கு பாஸ் சொல்வது சரி. றம்பொடை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஊர்கிற காருக்கு அது பொருந்தாது.

நுவரெலியாவின் உயரம் ஏறக்குறைய 1,868 மீற்றர். கொழும்புக் காற்றைவிட இங்குள்ள காற்று சுமார் 17 சதவீதம் அடர்த்தி குறைவு. புதிதில் 95 குதிரைவலு தந்த 1,798 சிசி எஞ்சின் இங்கே 80 அளவில்தான் நிற்கும். எந்தக் காபரேட்டரும் அந்த இழப்பை ஈடுசெய்யாது. சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜும் இங்கே குறைத்தே காட்டும்: கொழும்பில் 160 பிஎஸ்ஐ காட்டுகிற சிலிண்டர் இங்கே 128 அளவில் நிற்கும். அதைப் பார்த்து எஞ்சினைப் பிரிக்க வேண்டாம். நான்கு சிலிண்டரின் அளவுகளும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

சரிசெய்யக்கூடியது காற்று-பெற்றோல் கலவை. காற்று 17 சதவீதம் குறையும்போது பெற்றோல் ஏறத்தாழ 9 சதவீதமே குறைகிறது. காபரேட்டரில் பெற்றோல் வரும் சிறு துளையான ஜெட்டின் ஓட்டம் காற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுவதே காரணம். அதனால் கொழும்பில் டியூன் செய்த கார் இங்கே பிளக்கைக் கரியாக்கி மந்தமாகும். வால்வ் இடைவெளியையும், பிளக்கில் பொறி பாயும் நேரமான டைமிங்கையும் முதலில் சரிபார்த்து, எஞ்சின் சூடான பிறகு எஸ்யூவுக்குள் காற்றுவழியில் ஏறி இறங்கும் பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் உயர்த்துங்கள். எஞ்சினின் சுற்று வேகம் ஏறி அதே நிலையில் இருந்தால் பெற்றோல் அதிகம். எஞ்சின் தள்ளாடி நின்றால் குறைவு. சற்றே ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அதிகமானால் ஜெட் மேலேறும் பக்கமாக நட்டை ஒரு பட்டை, அதாவது 1/6 சுற்று, இரண்டு காபரேட்டரிலும் சமமாகத் திருப்புங்கள். கீழ்ச்சுற்றில் சரியாகி, மேல்சுற்றில் இன்னும் புகைந்தால் ஜெட்டுக்குள் இறங்கும் ஊசியை மாற்ற வேண்டும்.

வெபரின் வெஞ்சூரி, அதாவது காற்று போகும் குறுகிய கழுத்து, அளவு மாறாதது. குறைந்த சுற்றில் அதில் காற்று மெதுவாகப் போவதால் பெற்றோல் துளிகள் சரியாகச் சிதறாது. எஸ்யூவின் பிஸ்டனோ காற்றுக்கேற்ப ஏறி இறங்கும். எம்ஜிபியின் சிலிண்டர் ஹெட்டில் இரண்டு சிலிண்டருக்கு கலவை நுழையும் உள்வாயில் ஒன்றுதான். ஒற்றை வெபருக்கு கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மெனிஃபோல்ட் நீண்டு வளைந்ததாக வேண்டும். டைமிங்கைச் சுமைக்கேற்ப மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரின் வெக்கியூம் குழாய்க்கு இடம் கிடைக்காமலும் போகலாம், அப்போது பெற்றோல் செலவு கூடும்.

மெல்லிய காற்றில் எஞ்சின் தட்டாது, அதாவது பெற்றோல் கட்டுப்பாடின்றி வெடித்து நொக் சத்தம் வராது என்று டைமிங்கை முன்தள்ளச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே கார் 92 ஒக்டேன் பெற்றோலுடன் அவிசாவளைக்கு இறங்கியதும் தட்ட ஆரம்பிக்கும். எஞ்சினின் பிஸ்டன்தான் முதலில் அடிவாங்கும்.