கிம்லெட்: சொல் விளக்கம்

கிம்லெட் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, மரத்தில் சிறு துளை போடத் தச்சர் பயன்படுத்தும் திருகுமுனைக் கைக்கருவி. மற்றொன்று, ஜின்னிலோ ஓட்காவிலோ எலுமிச்சைப் பாகு சேர்த்து, பனிக்கட்டியோடு குலுக்கி வடித்த மதுக்கலவை. கருவிக்குத் தமிழில் தமரூசி என்ற பழைய சொல் இருக்கிறது. கலவைக்குப் பெயரை மாற்ற வேண்டியதில்லை, கிம்லெட் என்றே எழுதலாம். தமிழில் சரியாகச் சொல்ல வேண்டியது அதில் சேரும் பொருளைத்தான்.

கருவியின் பெயர் இடைக்கால டச்சு மொழியில் துளைப்பானைக் குறித்த ‘விம்மல்’ என்பதன் குறுமை வடிவிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மதுவுக்கு அந்தப் பெயர் வந்த விதத்துக்கு இரண்டு கதைகள் உண்டு. தமரூசி போல உள்ளே துளைத்து இறங்குவதால் வந்தது என்பது ஒன்று. 1879 முதல் 1913 வரை பிரிட்டிஷ் கடற்படையில் மருத்துவராக இருந்த தாமஸ் கிம்லெட், மாலுமிகள் எலுமிச்சைச் சாற்றை முகம் சுளிக்காமல் குடிக்க ஜின்னில் கலந்து கொடுத்தார் என்பது மற்றொன்று. இரண்டாவது கதைதான் அதிகம் பரவியது. ஆனால் 1943-இல் அவர் இறந்தபோது வந்த இரங்கல் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை உறுதியான வரலாறாக எழுதுவது தவறு.

உறுதியாகத் தெரிந்தது பாகின் கதை. கப்பலில் வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கக் கொண்டுபோன எலுமிச்சைச் சாறு கெடாமலிருக்க அதில் சாராயம் கலப்பது வழக்கம். ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்தைச் சேர்ந்த லாக்லன் ரோஸ், சாராயத்துக்குப் பதில் சர்க்கரையால் சாற்றைப் பாதுகாக்கும் முறைக்கு 1867-இல் காப்புரிமை பெற்றார். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் எலுமிச்சைச் சாறு கட்டாயம் என்ற சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். மதுக்கலவை வல்லுநர் ஹாரி மெக்எல்ஹோன் 1922-இல் வெளியிட்ட செய்முறை பாதி ஜின், பாதி ரோஸ் கார்டியல், அதாவது ரோஸின் எலுமிச்சைப் பாகு, என்கிறது. ஜின்னின் இடத்துக்கு ஓட்கா வந்தது பின்னாளில்.

கார்டியல் என்பது இதயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. முதலில் நெஞ்சுக்குத் தெம்பூட்டும் மருந்துக்கும், பிறகு இனிப்புப் பானத்துக்கும் பெயரானது. அமெரிக்கச் செய்முறைகளில் இதே சொல் இனிப்பு மதுவையும் குறிக்கும், கவனம் வேண்டும். தமிழில் இதை ‘எலுமிச்சைச் சாறு’ என்று எழுதுவதால்தான் வீட்டில் செய்யும் கிம்லெட் பெரும்பாலும் கெடுகிறது. 30 மி.லி. பச்சைச் சாற்றை ஊற்றியவருக்கு வாய் கூசுவதுதான் மிச்சம். சர்பத் என்றால் தண்ணீர் கலந்து குடிக்கும் நிலையில் இருப்பதாகத் தோன்றும். ஸ்குவாஷ் என்பது சதைப்பற்றோடு கலங்கலாக இருப்பது. கார்டியல் வடித்துத் தெளிந்தது. எலுமிச்சைப் பாகு என்பதே பொருந்தும் சொல்.

பாகை வீட்டிலேயே செய்யலாம். நம் எலுமிச்சை காரமான மணமுள்ள சிறு பழம், இதற்கு மிகவும் ஏற்றது. கரும்பச்சையான ஆறு பழங்களின் தோலை மெல்லிய துருவியில் மேலாகத் துருவிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பகுதி விழுந்தால் கசக்கும். துருவலை 150 கிராம் சர்க்கரையோடு கையால் நன்கு பிசைந்து நான்கு மணி நேரம் மூடி வையுங்கள். தோலின் எண்ணெய் இறங்கிச் சர்க்கரை ஈர மணல்போல் பச்சை நிறத்தில் ஒட்டிக்கொள்ளும், மூடியைத் திறந்ததும் மணம் தூக்கும். அதில் 150 மி.லி. சாற்றை ஊற்றி, கரையும்வரை கலக்கி, மெல்லிய துணியில் வடியுங்கள். அடுப்பில் வைக்கக் கூடாது. சூடானால் சாற்றின் புதுமணம் போய் வேகவைத்த வாடை வரும். அலுமினியம், பித்தளைப் பாத்திரம் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும்.

ஒருவருக்கான அளவு: ஓட்கா 60 மி.லி., பாகு 25 மி.லி., அப்போது பிழிந்த சாறு 10 மி.லி. பழைய பாதிக்குப் பாதி அளவு இன்றைய நாக்குக்குத் தெவிட்டும். கோப்பையை முன்பே உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். குலுக்கும் குவளையில் முக்கால் பங்கு பெரிய பனிக்கட்டிகளை நிரப்பி, 12 முதல் 15 நொடி பலமாகக் குலுக்கி உடனே வடியுங்கள். குவளையின் வெளிப்புறம் பனிபூத்தால் பதம் சரி. குவளை இல்லாவிட்டால் மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில் போதும். ஊறுகாய் வைத்திருந்தது மட்டும் வேண்டாம், மூடியில் வாசனை தங்கியிருக்கும்.

நீர்த்துப்போனால் கட்டி சிறியது அல்லது ஏற்கெனவே உருகத் தொடங்கியது. நெடி அடித்தால் குலுக்கியது போதவில்லை. உருகும் 25 மி.லி. அளவு தண்ணீரும் இந்தக் கலவையில் ஒரு பங்குதான். ஓட்காவை உறைபெட்டியில் வைத்து எடுத்தாலும் கட்டி போதிய அளவு உருகாமல் நெடி அடிக்கும். ஜின்னுக்கு இருப்பதுபோல் ஓட்காவுக்குச் சொந்த மணம் இல்லை. ஆகவே பாகு சப்பென்றிருந்தால் மறைக்க வழியில்லை. இந்திய ஓட்கா பெரும்பாலும் 42.8% வலிமை கொண்டது. கலந்த பிறகும் கோப்பையில் 21 விழுக்காடு ஆல்கஹால் இருக்கும். எலுமிச்சைச் சாறுபோல வேகமாகக் குடிக்கக் கூடாது.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வோட்கா, ஓட்கா இரண்டும் வழக்கில் உள்ளன. ரஷ்ய ஒலிப்புக்கு நெருக்கமானது முதலாவது. ஆனால் உ, ஊ, ஒ, ஓ ஆகிய உயிர்களோடு வகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது நன்னூல் விதி. ‘ஓட்கா’ தமிழுக்கு இயல்பாக அமைகிறது. ‘ஜிம்லெட்’ என்று எழுதுவது பிழை.

ஜின்னில் செய்தது வெறும் கிம்லெட். ஓட்காவில் செய்ததை ஓட்கா கிம்லெட் என்று அடையோடு எழுத வேண்டும். பாகில்லாமல் பழச்சாறும் சோடாவும் சேர்ந்தால் அது ஓட்கா லைம் சோடா. அது வேறு பானம்.