ரிவர்ஸ் கேமராவை விரும்பும் ஓட்டுநர், முகக் கேமராவுக்கு ஏன் டேப் ஒட்டுகிறார்?

பேருந்திலோ லாரியிலோ ரிவர்ஸ் கேமரா பொருத்தினால் எந்த ஓட்டுநரும் முரண்டு பிடிப்பதில்லை. இரண்டு நாளில் கை பழகிவிடும். மூன்றாம் நாள் அது வேலை செய்யாவிட்டால் அவரே டிப்போவில் சத்தம் போடுவார். அதே வண்டியில் தூக்கக் கலக்கத்தையும் கவனச் சிதறலையும் கண்டுபிடிக்க ஓட்டுநரின் முகத்தைப் பார்க்கும் கேமராவை வைத்தால், சில நாளில் லென்ஸ் மேல் கறுப்பு டேப் ஏறும், இல்லையென்றால் ஃபியூஸ் கழன்று கிடக்கும். 'புதுசு என்றாலே இவர்களுக்குப் பயம்' என்று நிர்வாகம் வழக்கமாகச் சொல்லும் காரணம் இங்கே செல்லாது. ரிவர்ஸ் கேமராவின் படம் ஓட்டுநருக்கு. முகக் கேமராவின் படம் அவரைப் பற்றி வேறு யாருக்கோ.

புதுக் கருவியை மனிதர்கள் ஏன் ஏற்கிறார்கள் என்பதை விளக்க ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-ல் முன்வைத்த தொழில்நுட்ப ஏற்பு மாதிரி இரண்டு கேள்விகளைச் சுற்றியே நிற்கிறது: இது எனக்குப் பயன்படுமா, கையாள எளிதா? அலுவலக மேசைக்கு அது பொருந்தும். ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தவருக்கு மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு: இதில் பதிவாவது யார் கைக்குப் போகும்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் வாகனப் பாதுகாப்பு விதி (2019/2144) அந்தக் கேள்விக்கு நேராகவே பதில் வைத்திருக்கிறது. 2024 ஜூலை முதல் அங்கே பதிவாகும் புதிய வண்டிகளில் தூக்கக் கலக்க எச்சரிக்கை கட்டாயம். ஆனால் அந்தத் தரவு வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும், மூன்றாம் நபருக்குப் போகக் கூடாது, வேலை முடிந்ததும் அழிய வேண்டும். நிறுவனங்கள் பிறகு வாங்கிப் பொருத்தும் கேமராக்கள் பெரும்பாலும் நேர் எதிர். துண்டு வீடியோவை உடனே கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும்.

அடுத்த சிக்கல் பொய் அலாரம். தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் பழைய, நம்பகமான அளவுகோல், ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை 80 சதவீதமோ அதற்கு மேலோ மூடியிருந்தது என்பதுதான். கேமரா அகச்சிவப்பு ஒளியில் இமையைத் தேடுகிறது. மூக்குக்கண்ணாடியில் அந்த ஒளி பட்டுத் தெறித்தால் கண் மறைந்துவிடும். சில கூலிங் கிளாஸ் அதை உள்ளே விடுவதே இல்லை. மாலைச் சூரியன் நேரே அடித்தால் யாரும் கண்ணைச் சுருக்குவார்கள், அதைக் கருவி தூக்கம் என்று எழுதிக்கொள்ளும். பேருந்தில் இன்னொன்று: ஆள் ஏறி இறங்கும்போது ஓட்டுநர் கதவுப் பக்கக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேகம் 20 கி.மீ.க்குக் கீழே இருக்கையில் கவனச் சிதறல் அலாரத்தை அணைத்து வைக்காவிட்டால், ஒழுங்காக வேலை செய்பவருக்குத்தான் அதிக பீப். பத்துத் தடவை பொய்யாகக் கத்திய கருவி பதினோராவது தடவை உண்மையாகவே கத்தினாலும் காது கேட்காது. அந்தச் சத்தத்தை எட்டு மணி நேரம் சுமந்து வீடு போகிறவருக்குத் தலைவலியும் எரிச்சலும் மிச்சம்.

ஓட்டுநருக்கு மதிப்பெண் போடக் கருவி எடுக்கும் திடீர் பிரேக் கணக்கும் இப்படித்தான். பல கருவிகளில் வரம்பு 0.3 அல்லது 0.4 ஜி. 0.3 ஜி என்றால் ஒரு வினாடியில் வேகம் சுமார் 10 கி.மீ. குறைவது. கருவி டேஷ்போர்டில் ஆடாமல், வண்டியின் நீளவாட்டுக்கு நேராக உட்காராவிட்டால், பள்ளத்தில் விழுந்த குலுக்கலும் பிரேக்காகப் பதிவாகும். குறுக்கே ஓடிய குழந்தைக்காக மிதித்த பிரேக்குக்கும் மதிப்பெண் குறைந்தால், அடுத்த முறை கால் ஒரு நொடி யோசிக்கும். இதைவிட ஆபத்தான விளைவு வேண்டாம்.

சத்தமே போடாத தொழில்நுட்பமும் உடம்பைக் கெடுக்கும். ஜிபிஎஸ் பதிவைப் பார்த்து, 'கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் சும்மா நிற்கிறது' என்று மென்பொருள் அதை நாலாகக் குறைக்கும். அந்தப் பத்து நிமிடம் சும்மா போனது அல்ல. கழிப்பறை, தண்ணீர், முதுகை நிமிர்த்துவது எல்லாம் அதில்தான். அது போனால் ஓட்டுநர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார், சிறுநீரை அடக்குவார். வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் கராசெக் 1979-ல் சொன்னது இதுவே: வேலையின் நெருக்கடி மட்டும் ஆளை உடைப்பதில்லை, நெருக்கடி ஏறும்போது தன் கையில் இருக்கும் முடிவுரிமை இறங்கினால் உடைக்கும்.

அமெரிக்காவில் 2017 டிசம்பரில் லாரிகளுக்கு மின்னணுப் பணிநேரப் பதிவு கட்டாயமானது. பணிநேர மீறல்கள் குறைந்தன, ஆனால் விபத்துகள் அதற்கேற்பக் குறையவில்லை. சிறு நிறுவனங்களின் லாரிகளில் வேக மீறல் கூடியதாகப் பின்னர் வந்த ஆய்வு காட்டியது. காரணம் புரியாததல்ல. வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். சரக்கு ஏற்றக் காத்திருக்கும் நேரமும் பெரும்பாலும் அந்த 14-ஐத்தான் தின்னும். போன நேரத்தைச் சாலையில் பிடிக்கப் பார்ப்பார்கள்.

ஆகவே கருவி வாங்கும் முன் நாலைந்து வண்டியில் நாலு வாரம் ஓட்டிப் பாருங்கள். பகல், இரவு, மழை எல்லா ஷிப்ட்டும் அதில் வரட்டும், கண்ணாடி அணிபவரும் இருக்கட்டும். அந்த மாதம் எந்தப் பதிவுக்கும் மெமோ கிடையாது என்று எழுத்தில் கொடுங்கள், வாய்வார்த்தையை யாரும் நம்ப மாட்டார்கள். ஒவ்வொரு வண்டியிலும் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை அலாரம், அதில் எத்தனை பொய் என்று ஓட்டுநரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து உட்கார்ந்து எண்ண வேண்டும். வீடியோவை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழியும், தனக்குச் சாதகமான காட்சியை ஓட்டுநர் எப்படிக் கேட்டு வாங்கலாம் என்பது ஒரே பக்கத்தில் அடங்கட்டும். அந்தக் கடைசி வரி முக்கியம். பொய்ப் புகார் ஒன்றிலிருந்து கேமரா ஒருவரைக் காப்பாற்றிவிட்டால், அந்தச் செய்தி செய்யும் பிரச்சாரத்தை எந்த வகுப்பும் செய்யாது.

பயிற்சியை டூட்டி முடிந்து களைத்தவர்களை அறையில் அடைத்து நடத்தாதீர்கள். நின்ற வண்டியில், அவரவர் இருக்கையில் அரை மணி நேரம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு அரை மணி. நாற்பத்தைந்தைத் தாண்டிய கண்ணுக்குத் திரையின் எழுத்து தெரிகிறதா என்று அங்கேதான் தெரியும். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு வினாடி திரையைப் பார்த்தால் வண்டி 33 மீட்டர் போய்விட்டிருக்கும். கற்றுக்கொடுப்பவர் போன் நன்றாகத் தெரிந்த இளைஞராக இருக்க வேண்டும் என்பதில்லை, சக ஓட்டுநர்கள் பேச்சைக் கேட்கிற ஆளாக இருந்தால் போதும். விடியற்காலை நாலு மணிக்குக் கருவி மக்கர் செய்தால் யாரைக் கூப்பிடுவது என்ற எண் டேஷ்போர்டிலேயே ஒட்டியிருக்கட்டும்.

டேப் ஒட்டிய வண்டி கண்ணில் பட்டால், மெமோ எழுதும் முன் அதன் கடைசி ஒரு வார அலாரப் பட்டியலை எடுங்கள். எத்தனை அலாரம் மாலையில், மேற்கு நோக்கிப் போகிற ட்ரிப்பில் வந்தவை என்று எண்ணிப் பாருங்கள்.