பெயர் திரும்பி வரும், எண் வருமா?

1942 மே மாதம் பவளக் கடல் சண்டையில் லெக்சிங்டன் என்ற அமெரிக்க விமானம் தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதைக் கட்டியவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குவின்சி நகரக் கப்பல் தளத்தின் தொழிலாளர்கள். அதே தளத்தில் ‘காபட்’ என்ற பெயரில் இன்னொரு விமானம் தாங்கி அப்போது பாதி வேலையில் நின்றது. போன கப்பலின் பெயரை இதற்கு வைக்க வேண்டும் என்று அந்தத் தொழிலாளர்கள் கேட்டார்கள். கடற்படையும் சம்மதித்தது. மூழ்கி ஆறு வாரம் முடிவதற்குள் லெக்சிங்டன் மறுபடி பிறந்துவிட்டது. ஆனால் மூழ்கியதன் எண் சிவி-2, புதியதன் எண் சிவி-16.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். தாத்தாவின் பெயரைப் பேரன் சுமக்கலாம், தாத்தாவின் ஆதார் எண்ணைச் சுமக்க முடியாது. அமெரிக்கக் கடற்படையின் வழக்கமும் இதுதான். பெயர் பரம்பரைச் சொத்து, எண் ஒரே ஒரு கப்பலுக்கு உரியது.

இந்த எண் முறை 1920 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. முதலில் வரும் எழுத்துகள் கப்பலின் வகையைச் சொல்லும். பிபி என்றால் பெரும் போர்க்கப்பல், டிடி என்றால் நாசகாரி, எஸ்எஸ் என்றால் நீர்மூழ்கி. விமானம் தாங்கிக்கு சிவி. ஆரம்பத்தில் விமானம் தாங்கிகளை குரூசர் என்ற வேகப் போர்க்கப்பல் குடும்பத்தில் சேர்த்திருந்ததால் ‘சி’ வந்தது. ‘வி’ என்பது காற்றைவிடக் கனமான பறக்கும் ஊர்திகளுக்கான குறி. வாயு நிரப்பிய வான்கப்பல்களுக்கு ‘இசட்’ இருந்தது. அணுசக்தியில் ஓடினால் கடைசியில் ஒரு ‘என்’ சேரும். எழுத்துகளுக்குப் பின்னால் வரிசை எண். இதில் அவர்கள் எவ்வளவு கறார் என்பதற்கு 58 நல்ல உதாரணம். 1949 ஏப்ரலில் யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற விமானம் தாங்கிக்கு அடிக்கட்டை போட்டு, ஐந்தே நாளில் திட்டத்தையே ரத்து செய்தார்கள். அந்த எண்ணை வேறு யாருக்கும் தரவில்லை. அடுத்து வந்த ஃபாரஸ்டல் 59 ஆனது. ஒரு நாள்கூடக் கடலைப் பார்க்காத கப்பலுக்கும் வரிசையில் ஓர் இடம் காலியாகவே இருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

அதனால்தான் சீவுல்ஃப் நீர்மூழ்கியின் எண் என்னை உறுத்துகிறது. எஸ்எஸ்என்-773 வரை ஒழுங்காக வந்த வரிசையில், 21ஆம் நூற்றாண்டின் நீர்மூழ்கி என்று சொல்ல ஆசைப்பட்டு எஸ்எஸ்என்-21 என்று வைத்தார்கள். 22, 23 என்று இன்னும் இரண்டுக்கு வைத்துவிட்டு, அடுத்த வகையை மறுபடி 774இல் தொடங்கினார்கள். விளம்பரத்துக்காக வரிசையைக் கலைத்திருக்க வேண்டாம்.

சரி, கதையில் வரும் ஒரு விண்கப்பலுக்கு வருவோம். 1966இல் ஒளிபரப்பான ‘ஸ்டார் டிரெக்’ என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடருக்காக எண்டர்பிரைஸ் கப்பலை வடிவமைத்தவர் மேட் ஜெஃப்ரீஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர், விமானப் பைத்தியம். அதனால் கப்பலுக்கு அவர் தேடிய எண் கடற்படையிலிருந்து வரவில்லை, விமானப் பதிவேட்டிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க வணிக விமானங்களின் பதிவு ‘என்சி’ என்று தொடங்கும். அதோடு இன்னொரு ‘சி’ சேர்த்து என்சிசி ஆக்கினார். 1701க்கு அவர் சொன்ன காரணமும் அழகானது. 17ஆவது வடிவமைப்பில் முதல் கப்பல், ஆகவே 1701. தொலைவிலிருந்து பார்த்தால் 3, 6, 8, 9 ஆகியவை ஒன்றுக்கொன்று குழம்பும். 1, 7, 0 குழம்பாது. சிறிய தொலைக்காட்சித் திரைக்கு இதைவிடப் பொருத்தமான எண் கிடைக்காது. நிஜக் கப்பல்களில் எண்ணைப் பெரிதாக எழுதுவதும் தூரத்தில் இருப்பவர் சட்டென்று அடையாளம் காணத்தானே.

சோதனை விண்கப்பல்களுக்கு அந்தக் கதையுலகில் ‘என்எக்ஸ்’ என்ற குறி உண்டு. 1927இல் விமானி லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் வாலிலும் என்எக்ஸ்-211 என்றுதான் எழுதியிருந்தது. ‘எக்ஸ்’ என்றால் பரிசோதனை.

கதையின் எண்கள் எல்லாம் இவ்வளவு யோசித்து வைத்தவை அல்ல. கான்ஸ்டலேஷன் என்ற சகோதரக் கப்பலின் எண் 1017. கடையில் விற்ற எண்டர்பிரைஸ் பொம்மை மாடலை வாங்கி, அதோடு வந்த ஸ்டிக்கர் எண்களை இடம் மாற்றி ஒட்டியதால் வந்த எண் அது. சகோதரக் கப்பல்களெல்லாம் 1700ஐ ஒட்டி இருக்க, இது மட்டும் ஏன் இவ்வளவு பின்னால் என்று ரசிகர்கள் இன்றும் விளக்கம் தேடுகிறார்கள்.

1984இல் வந்த ஸ்டார் டிரெக் படத்தில் எண்டர்பிரைஸ் அழிந்தது. 1986 படத்தின் கடைசியில் புதிய கப்பல் வந்தபோது அதன் நெற்றியில் என்சிசி-1701-ஏ என்று இருந்தது. அமெரிக்கக் கடற்படையில் இது நடக்காது. அங்கே எண்டர்பிரைஸ் என்ற பெயரை சிவி-6 சுமந்தது, அப்புறம் 1961இல் சிவிஎன்-65 சுமந்தது, இப்போது கட்டப்படும் சிவிஎன்-80 சுமக்கப்போகிறது. மூன்றுக்கும் மூன்று எண். கதையில் மட்டும் எண்ணும் பெயரோடு கூடவே வந்துவிட்டது. இருபது வருடம் பார்த்த மக்களுக்கு 1701 வெறும் வரிசை எண்ணாக இல்லை, அதுவே இரண்டாவது பெயர் ஆகியிருந்தது. முறைப்படி தவறுதான், ஆனாலும் அந்த ‘ஏ’வைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

பிரிட்டிஷ் வழியில் வந்த கடற்படைகள் இதை வேறு மாதிரி செய்கின்றன. அங்கே ஒரு எழுத்தும் சில இலக்கங்களும் சேர்ந்தது பென்னன்ட் எண். கப்பல்கள் கொடி ஏற்றித் தங்களை அடையாளம் காட்டிய காலத்தின் மிச்சம் அது. டி நாசகாரிக்கு, எஃப் அதைவிடச் சிறிய ஃபிரிகேட்டுக்கு, ஆர் விமானம் தாங்கிக்கு. இதில் வரிசை முக்கியமில்லை, நம்பிக்கைகளுக்குக்கூட இடம் உண்டு. பிரிட்டனின் லங்காஸ்டர் கப்பலுக்கு முதலில் எஃப்232 என்று கொடுத்தார்கள். கப்பல் மோதினாலோ தரைதட்டினாலோ நிரப்ப வேண்டிய படிவத்தின் எண்ணும் 232 என்பது பிறகுதான் உறைத்தது. உடனே எஃப்229 என்று மாற்றிவிட்டார்கள்.

இந்தியாவும் இதே வழிதான். நாசகாரிகளுக்கு நகரங்களின் பெயர்: கொல்கத்தா டி63, கொச்சி டி64, சென்னை டி65. ஒரே வகைக் கப்பல்களுக்கு ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வைக்கும் பழக்கமும் உண்டு. கோதாவரி, கோமதி, கங்கா என்று நதிகள். தல்வார், திரிசூல், தபார் என்று ஆயுதங்கள். விமானம் தாங்கிகளுக்கு ஒரே இலக்கம் இரண்டு முறை: விராட் ஆர்22, விக்ரமாதித்யா ஆர்33.

முதல் விக்ராந்த் ஆர்11. 1961இல் சேர்ந்து, 1971 போரில் வங்காள விரிகுடாவில் பணியாற்றி, 1997இல் ஓய்வு பெற்றது. 2022 செப்டம்பரில் கொச்சியில் புதிய விக்ராந்த் கடற்படையில் சேர்ந்தபோது, பெயரோடு ஆர்11 என்ற எண்ணும் அதற்கே வந்தது, ‘ஏ’ எதுவும் சேர்க்காமல்.

அமெரிக்காவில் பழைய சிவிஎன்-65இன் எஃகில் ஒரு பகுதி சிவிஎன்-80க்குள் போகிறது, எண் பின்தங்கிவிட்டது. இங்கே எண் புதிய கப்பலுக்குப் போய்விட்டது. பழைய விக்ராந்தின் இரும்பு உருக்கப்பட்டு, 2016இல் வந்த பஜாஜ் வி மோட்டார் சைக்கிள்களில் சாலைக்கு வந்தது.