தைராய்டு ஹார்மோன் எதிர்ப்பு: பொருந்தாத ஒரு சொல்

குழந்தையின் இரத்தப் பரிசோதனைத் தாளில், தைராய்டுச் சுரப்பி சுரக்கும் ஹார்மோனான டி4 எல்லை தாண்டி நிற்கிறது. அப்படியானால் சுரப்பியைத் தூண்டும் டிஎஸ்எச் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை, இயல்பாகவே இருக்கிறது. முரண்படும் இந்த இரண்டு எண்களும்தான் ‘தைராய்டு ஹார்மோன் எதிர்ப்பு’ என்ற அரிய மரபணுக் கோளாறின் அடையாளம். ஏறத்தாழ 40,000 பிறப்புகளில் ஒன்றில் வரும். 1967-ல் சாமுவேல் ரெஃபெடாஃபும் குழுவினரும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளிடம் இதைக் கண்டு முதன்முதலில் எழுதினார்கள்.

கிரேக்கத்தில் ‘தைரா’ என்றால் கதவு; அதிலிருந்து வந்த ‘தைரியோஸ்’ கதவு போல நீண்ட கேடயம். தமிழில் கேடயச் சுரப்பி என்பது அதனால்தான். ‘ஹார்மோன்’ 1905-ல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். வேர்ப்பொருள், தூண்டி இயங்கவைப்பது. நம் ‘இயக்குநீர்’ அதற்கு அச்சாகப் பொருந்துகிறது. இப்படி அமைவது அபூர்வம்.

சிக்கல் ‘எதிர்ப்பு’ என்ற சொல்லில். ஆங்கிலத்தில் இதை ‘ரெசிஸ்டன்ஸ்’ என்கிறார்கள்; அதன் இலத்தீன் மூலத்துக்கு எதிர்த்து நிற்றல் என்றுதான் பொருள், அகராதிப்படி தவறில்லை. ஆனால் நம் காதில் எதிர்ப்பு என்றதும் நோய் எதிர்ப்புச் சக்தி நினைவுக்கு வருகிறது. உடம்பு ஹார்மோனோடு சண்டை போடுகிறது என்று பெற்றோர் புரிந்துகொள்கிறார்கள். அங்கே சண்டையே இல்லை. 3-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பிறழ்ந்திருப்பதால், செல்லுக்குள் ஹார்மோனை ஏற்றுக்கொள்ளும் புரதமான ஏற்பிகளில் பீட்டா வகை, ஹார்மோன் சொல்வதைச் சரியாகக் கேட்பதில்லை. டிஎஸ்எச்சைச் சுரக்கும், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கும் கேட்பதில்லை, போதவில்லை என்று எண்ணி மேலும் சுரக்கச் சொல்கிறது. கழுத்தில் கழலை வீங்குகிறது. இதயத்திலோ பெரும்பாலும் ஆல்ஃபா ஏற்பி, அது நன்றாகவே கேட்கும். அதனால் மிகுந்த ஹார்மோனில் நாடி படபடக்கிறது. சில பிள்ளைகளுக்குக் கவனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வர பாதி வாய்ப்பு உண்டு.

இதைச் சாதாரண மிகைச் சுரப்பு என்று நினைத்துச் சுரப்பியையே அகற்றிவிட்டவர்கள் உண்டு. குறையை ஈடுகட்டத்தான் அந்தச் சுரப்பி அத்தனை பாடுபட்டது என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

சரி, வேறு என்ன சொல்லலாம்? ‘ஏற்பின்மை’ என்று முதலில் நினைத்தேன். அப்படிச் சொன்னால் அறவே ஏற்காது என்றாகிவிடும். பெரும்பாலான பிள்ளைகளிடம் ஏற்பு குறைந்திருக்கிறதே தவிர, இல்லாமல் போகவில்லை. அதனால் ‘தைராய்டு இயக்குநீர் ஏற்புக்குறை’ என்றே எழுதுகிறேன். ஏற்பி என்ற சொல்லும் அதிலேயே ஒலிக்கிறது.