பச்சைக்கு ஆதாரம் வேண்டும்

அமெரிக்க ரயில்பாதைகளின் இயக்க விதிகளில் ஒன்று இப்படிச் சொல்கிறது: எரிய வேண்டிய சிக்னல் விளக்கு எரியவில்லை என்றாலோ, தெரியும் நிறம் தெளிவாக இல்லை என்றாலோ, அந்தச் சிக்னல் காட்டக்கூடிய கட்டளைகளிலேயே மிகக் கண்டிப்பானதைக் காட்டுவதாக ஓட்டுநர் எடுத்துக்கொள்ள வேண்டும். பல்பு மட்டும் பழுதாகியிருக்கலாம். முன்னால் பாதை காலியாகவும் இருக்கலாம். அதை ஊகித்துக்கொண்டு போகும் உரிமை அவருக்குக் கிடையாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உருக்கின் இயல்பு. உருக்குச் சக்கரம் உருக்குத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சில எஞ்சின்கள் சேர்ந்து நூறு சரக்குப் பெட்டிகளை இழுக்க முடிவது அதனால்தான். அதே ரயிலை நிறுத்த ஒரு மைலுக்கும் மேல் தேவைப்படுவதும் அதனால்தான். தடை கண்ணில் பட்ட பிறகு பிரேக் போட்டால் காலம் கடந்துவிடும். வளைவுக்கு அப்பால் இருப்பதை முன்கூட்டியே ஏதோ ஒன்று சொல்ல வேண்டும்.

அதைச் சொல்வது தண்டவாளமே. பாதையைப் பிளாக் எனப்படும் துண்டுகளாகப் பிரித்து, துண்டுகள் சேரும் இடத்தில் மின்சாரம் கடத்தாத இணைப்புகளைப் பொருத்துகிறார்கள். துண்டின் ஒரு முனையில் மின்கலம், மறுமுனையில் ரிலே எனப்படும் மின்காந்த சுவிட்ச். மின்சாரம் ஒரு தண்டவாளத்தில் போய், ரிலேயின் கம்பிச் சுருள் வழியாக மற்றத் தண்டவாளத்தில் திரும்பி வரும். சுருள் காந்தமாகி ஒரு இரும்புத் தகட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும். தகடு மேலே இருக்கும்வரைதான் பச்சை எரியும். ரயில் உள்ளே நுழைந்ததும் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்சாரம் அந்தக் குறுக்குவழியில் திரும்பிவிட, சுருள் காந்தத்தன்மையை இழக்கிறது; தகடு தன் எடையாலேயே கீழே விழுகிறது. சிக்னல் சிவப்புக்கு மாறுகிறது.

இந்த ஏற்பாட்டுக்கு 1872-இல் காப்புரிமை பெற்றவர் வில்லியம் ராபின்சன். அதற்கு முன் பென்சில்வேனியா மாநிலத்தின் கின்சுவாவில் அவர் அமைத்துப் பார்த்தது நேர்மாறானது: ரயில் வந்தால் மின்சுற்று மூடிக்கொண்டு ஆபத்தை அறிவிக்கும். வேலை செய்தது. ஆனால் கம்பி ஒன்று அறுந்தால் ஆபத்தை அறிவிக்க வழியே இல்லாமல் போகும். ரயில் நின்றுகொண்டிருக்கும் பாதை காலி என்று காட்டப்படும். எனவே அவர் தர்க்கத்தையே திருப்பிப்போட்டார். மின்சாரம் இப்போது ஆபத்தை அறிவிப்பதில்லை. பாதை காலி என்பதற்கு நொடிதோறும் ஆதாரம் தந்துகொண்டிருக்கிறது. மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், பெரும்பாலான நேரங்களில் தண்டவாளமே உடைந்தாலும் ஆதாரம் நின்றுபோகும், தகடு விழும். ரயில்வே வரலாற்றில் இதைவிட அழகான சிந்தனை ஒன்றை நான் அறியேன்.

அதே 1872-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் பிரேக்கிலும் இதையே செய்தார். அவருடைய தானியங்கி பிரேக்கில், ரயில் நெடுகச் செல்லும் குழாயில் காற்றழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விடுபட்டிருக்கும். பெட்டிகள் பிரிந்து குழாய் அறுந்தால் இரு பாதிகளும் தாமாகவே நிற்கும்.

ஆதாரமே பொய்யாகிவிட்டால்? தண்டவாளத்தில் துரு படிந்து, எடை குறைந்த வண்டியின் சக்கரம் சரியாகத் தொடாமல் போகலாம். வேறெங்கிருந்தோ மின்சாரம் ரிலேக்குள் நுழையவும் கூடும். 1988 டிசம்பர் 12-இல் லண்டனின் கிளாப்ஹம் சந்திப்பு அருகே நடந்தது இதுதான். சிக்னல் அமைப்பைப் புதுப்பித்தபோது அகற்றியிருக்க வேண்டிய பழைய கம்பி ஒன்று அங்கேயே விடப்பட்டிருந்தது. அது ரிலேயின் இணைப்பு முனையைத் தொட்டு மின்சாரம் தந்ததால், விழ வேண்டிய ரிலேயின் தகடு விழவில்லை. ரயில் நின்ற பாதைக்குச் சிக்னல் அனுமதி காட்டியது. 35 பேர் இறந்தார்கள்.

இனி ரயிலில் இருப்பவர்களின் பங்கு. மஞ்சள் தெரிந்தால், அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேகத்தைக் குறைக்க வேண்டும். சிவப்பில் இரண்டு வகை உண்டு. சந்திப்புகளைக் காக்கும் சிக்னலில் சிவப்பு என்றால், கட்டுப்பாட்டாளர் அனுமதி தரும்வரை அசையக்கூடாது. கம்பத்தில் எண் பலகை பொருத்திய இடைநிலைச் சிக்னலில், அந்தந்த ரயில்வேயின் விதிப்படி, கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில் கடந்து போகலாம். அந்த வேகத்தின் வரையறை எனக்கு மிகவும் பிடித்தது. மணிக்கு 20 மைலைத் தாண்டக்கூடாது என்பது அதன் சிறிய பகுதி. முக்கியப் பகுதி, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்க முடிய வேண்டும் என்பது. ஏன் பாதி? எதிரே இன்னொரு ரயில் இதே விதிப்படி வந்தால், தெரியும் தூரத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமே! ஒவ்வொருவரும் தன் பாதிக்குள் நின்றால் மோதல் இல்லை. மூடுபனியில் கண்பார்வை குறைந்தால் வேகமும் தானாகக் குறைய வேண்டியதுதான்.

சிக்னல் சரியாகச் சிவப்பு காட்டியும் மனிதர் பார்க்காமல் போவது தனி ஆபத்து. எஞ்சினில் இருவர் இருந்தால், சிக்னலின் பெயரை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது அதற்காகத்தான். 2008 செப்டம்பர் 12-இல் கலிபோர்னியாவின் சாட்ஸ்வொர்த்தில், கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்த ஓட்டுநர் சிவப்பைக் கடந்துபோனார். பயணிகள் ரயில் சரக்கு ரயிலோடு மோதி 25 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு வந்த சட்டம், ஓட்டுநர் தவறினால் தானே பிரேக் போடும் கணினி அமைப்பை முக்கியப் பாதைகளில் கட்டாயமாக்கியது. 2020 டிசம்பரில் அந்தப் பணி நிறைவேறியது.

ஆனாலும் முன்னால் நிற்கும் ரயிலின் கடைசிப் பெட்டி எங்கே இருக்கிறது என்பது அந்தக் கணினிக்குத் துல்லியமாகத் தெரியாது. கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில் உச்ச வரம்பை மீறாமல் மட்டும் அது பார்த்துக்கொள்ளும். பாதித் தூரத்தைக் கணிப்பது ஓட்டுநரின் வேலையாகவே நீடிக்கிறது.