கிரேடு என்றால் வகுப்பா, தரமா?

டர்பனில் ஒரு வீட்டில் "பிள்ளை என்ன கிரேடு?" என்று கேட்டால் "லெவன்" என்று பதில் வரும், அதாவது பதினோராம் வகுப்பு. அதே கேள்வியைச் சென்னையில் ஒரு கல்லூரி மாணவரிடம் கேட்டுப் பாருங்கள், "ஏ பிளஸ்" என்பார். இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் நம் ஊர் கோயில் சங்கம் ஒன்று கல்வி உதவித்தொகை அறிவிப்பைத் தமிழில் போட உட்காரும்போது இந்தச் சொல் காலை வாரிவிடும். "12ஆம் தரத்தில் நல்ல தரம் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம்" என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன புரியும்? அதனால் கிரேடு என்ற சொல் எங்கிருந்து வந்தது, தென்னாப்பிரிக்காவில் அதற்கு எத்தனை பொருள், எந்தப் பொருளுக்கு எந்தத் தமிழ்ச் சொல் என்று பார்த்துவிடலாம்.

மூலம் இலத்தீன். 'கிராடுஸ்' என்றால் எட்டு வைப்பது, படி. டிகிரி, கிராஜுவேட் எல்லாம் இதே வேரில் பிறந்தவைதான், ஒரு படி ஏறியவர் கிராஜுவேட். தமிழில் நாம் பட்டம், பட்டதாரி என்கிறோம், அது வேறு வழியாக வந்தது. பட்டம் என்பது நெற்றியில் கட்டும் பொன் தகடு, அரசனுக்குக் கட்டியது, அதனால்தான் 'பட்டம் கட்டினார்கள்' என்ற வழக்கே இருக்கிறது. மாணவர்களைத் தேர்வு வைத்துப் பிரிவு பிரிவாக எழுதிவைத்ததற்குப் பழைய சான்று ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது: 1785இல் யேல் கல்லூரித் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் தன் நாட்குறிப்பில் மாணவர்களை நான்கு பிரிவாகக் குறித்துவைத்தார், பிரிவுகளின் பெயர்கள் எல்லாம் இலத்தீனில். ஏ, பி, சி எழுத்துகள் மிகவும் பிந்தியவை. 1897இல் மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி ஏ முதல் ஈ வரை எழுத்து போட்டது. அங்கே முதலில் ஈ வாங்கினால் தோல்வி, எஃப் அடுத்த ஆண்டுதான் வந்து சேர்ந்தது.

நம் தென்னாப்பிரிக்கக் கதை இன்னும் சிக்கல். இங்கே கிரேடு என்று ஒருவர் சொன்னால், அவர் எந்த ஆண்டில் பள்ளி முடித்தவர் என்று தெரிந்தால்தான் பொருள் தெரியும். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் பழைய தலைமுறை முதல் இரண்டு ஆண்டுகள் கிளாஸ் ஒன்று, கிளாஸ் இரண்டு படித்தது, அதன்பிறகு ஸ்டாண்டர்ட் ஒன்று தொடங்கிப் பத்து வரை. ஆகவே "ஸ்டாண்டர்ட் சிக்ஸோடு நின்றுவிட்டேன்" என்று தாத்தா சொன்னால் அது இன்றைய கிரேடு எட்டு, ஆறு இல்லை. தமிழில் எழுதும்போது இந்த இரண்டு ஆண்டைக் கூட்டாமல் 'ஆறாம் வகுப்பு' என்று போட்டுவிடுகிறார்கள், பெரியவர்கள் படித்த படிப்பில் இரண்டு ஆண்டு காணாமல் போகிறது. எனக்கு இது மனசு கேட்காத விஷயம், அந்தக் காலத்தில் அந்த இரண்டு ஆண்டைப் படிக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அப்புறம் மெட்ரிக் தேர்விலேயே, அதாவது பள்ளியின் கடைசி ஆண்டான பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் தேர்விலேயே, இன்னொரு கிரேடு இருந்தது. ஒரே பாடத்தை ஹையர் கிரேடிலும் எழுதலாம், ஸ்டாண்டர்ட் கிரேடிலும் எழுதலாம். கணக்கில் 'ஹெச்ஜி', 'எஸ்ஜி' என்று பழைய சான்றிதழில் பாடப் பெயரோடு நிற்குமே, அதுதான். இது வகுப்பும் இல்லை, வாங்கிய மதிப்பெண்ணும் இல்லை, தாளின் கடினம். ஆகவே தமிழில் 'உயர்நிலைத் தாள்', 'பொதுநிலைத் தாள்' என்பதே தெளிவு. வாங்கியதைக் குறிக்க அன்று ஆசிரியர்களும் பிள்ளைகளும் சொன்ன சொல் சிம்பல்: 80க்கு மேல் ஏ, 70களில் பி, 60களில் சி, இப்படி இறங்கும். 2008இல் புதிய தேசிய மெட்ரிக் சான்றிதழ் வந்தபோது இரண்டு கிரேடும் சிம்பலும் சேர்ந்து போயின, அவற்றின் இடத்தில் ஒன்று முதல் ஏழு வரை லெவல்கள். 80க்கு மேல் ஏழு, 70களில் ஆறு, 30க்குக் கீழே ஒன்று. இந்தத் தேர்வில் தமிழையும் ஒரு பாடமாக எடுத்து எழுதலாம்.

லெவலிலும் ஒரு மயக்கம் உண்டு. நாட்டின் படிப்புகளைப் படி படியாக அடுக்கும் தேசியத் தகுதிக் கட்டமைப்பில், அதாவது என்கியூஎஃபில், பத்து லெவல்கள். மெட்ரிக் அதில் நான்கு, மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் ஏழு, ஆனர்ஸ் எட்டு, முனைவர் பட்டம் பத்து. 'கணக்கில் லெவல் ஏழு' என்பதும் 'லெவல் ஏழு படிப்பு' என்பதும் மலையும் மடுவும். முன்னதை அடைவு நிலை, பின்னதைத் தகுதிப் படி என்று எழுதினால் குழப்பம் இல்லை.

சரி, மாணவர் வாங்கியதைக் குறிக்கும் கிரேடுக்குத் தமிழ் என்ன? என் விடை தரம். இதைச் சொல்ல வலுவான காரணம் இருக்கிறது. சோழர் கல்வெட்டுகளில் நிலத்தைத் தரம் பிரித்து வரி போட்ட செய்தி வருகிறது, தரம் போடாத நிலத்துக்குத் 'தரமிலி' என்றே பெயர். தமிழ்நாட்டு வருவாய்த்துறைப் பதிவேட்டில் மண் தரம் என்று இன்றும் ஒரு பத்தி உண்டு. ஒன்றைப் பார்த்து, அளந்து, எந்தப் படியில் நிற்கிறது என்று முடிவு செய்து, பதிவேட்டில் ஏற்றுவது: பல்கலைக்கழகம் செய்வதும் அதைத்தானே! ஆயிரம் ஆண்டாக இந்த வேலையைச் செய்துவரும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. தரத்தைக் காட்டும் எழுத்தைத் தரக்குறி என்னலாம், நூற்றுக்கு வாங்கிய எண் மதிப்பெண், பள்ளியின் ஆண்டுப் படி வகுப்பு.

இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இலங்கைத் தமிழர் பள்ளி வகுப்பையே தரம் என்பார்கள், 'தரம் ஐந்து புலமைப்பரிசில்' என்பது அவர்கள் அன்றாடம் சொல்வது. மதிப்பெண்ணை அவர்கள் புள்ளி என்பார்கள். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ படிக்கப் போகிறவர்களுக்கு எழுதினால் இதை நினைவில் வையுங்கள். இன்னொன்று, வகுப்பு என்ற சொல்லுக்கே இரட்டை வேலை. 'முதல் வகுப்பில் தேறினாள்' என்றால் பட்டப்படிப்பில் உயர்ந்த தேர்ச்சி, 'ஒன்றாம் வகுப்பு' என்றால் குழந்தை. முதல், ஒன்றாம் என்ற வேறுபாட்டைக் கைவிடாமல் எழுதினால் போதும்.

இனி பல்கலைக்கழகப் பதிவு. தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் எழுத்துத் தரம் போடுவதில்லை, நூற்றுக்கு எத்தனை என்றே பதிவாகும், தேர்ச்சிக் கோடு 50. கேப் டவுன் பல்கலைக்கழக அளவில் 75ம் அதற்கு மேலும் முதல் வகுப்பு, 70 முதல் 74 வரை இரண்டாம் வகுப்பின் மேல்பிரிவு, 60களில் கீழ்ப்பிரிவு, 50களில் மூன்றாம் வகுப்பு. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் 95 வாங்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர் இங்கே ஒரு பெண்ணின் 76ஐப் பார்த்து "இவ்வளவுதானா?" என்பார். அந்த 76 முதல் வகுப்பு, அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்தியாவில் பத்துப் புள்ளி அளவு இருப்பதால் 76ஐ 7.6 என்று நீங்களே மாற்றி விண்ணப்பத்தில் எழுதிவிடாதீர்கள். மதிப்பெண்ணை உள்ளபடி எழுதி, உங்கள் பல்கலைக்கழகத்தின் அளவு விளக்கத்தை உடன் இணையுங்கள்.

மதிப்பெண் பட்டியலில் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: பாடக் குறியீடு, பெயர், கிரெடிட் 16, மதிப்பெண் 80, தேர்ச்சி. கிரெடிட் என்பது இங்கே உழைப்பின் அளவு, ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேரப் படிப்பு என்பது கணக்கு, வகுப்பில் இருப்பதும் வீட்டில் படிப்பதும் தேர்வெழுதுவதும் எல்லாம் சேர்த்து. 16 கிரெடிட் பாடம் என்றால் 160 மணி. மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 360 கிரெடிட். தமிழில் 'உழைப்பலகு' என்றால் பொருள் நேராக விளங்கும் என்பது என் எண்ணம். அடுத்த வரியில் 8 கிரெடிட் பாடத்தில் 60 என்றிருந்தால், சராசரி 70 என்று பலரும் சட்டென்று சொல்வார்கள். அப்படி இல்லை. 16ஐ 80ஆல் பெருக்க 1280, 8ஐ 60ஆல் பெருக்க 480, கூட்டினால் 1760, அதை 24ஆல் வகுத்தால் 73.33. பெரிய பாடத்துக்குக் கனம் அதிகம். இதை எடையிட்ட சராசரி என்பார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது எந்தச் சராசரி கேட்கிறார்கள் என்று பாருங்கள், மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் வாய்ப்பு கைநழுவலாம்.

மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் சில நேரம் எழுத்துகள் நிற்கும். 'ஏபி' என்றால் தேர்வுக்கு வரவில்லை. 'டிபி' என்பது நம் பிள்ளைகள் வாயில் அடிக்கடி வரும் சொல், ட்யூலி பெர்ஃபார்ம்ட் என்பதன் சுருக்கம்: வருகை, ஒப்படைப்பு, வகுப்புத் தேர்வு இவற்றைச் செய்து முடித்ததால் இறுதித் தேர்வெழுத உரிமை உண்டு என்று பொருள். தமிழில் தேர்வுரிமை. அது மறுக்கப்பட்டால் மாணவர் தேர்வு அறைக்குள்ளேயே போக முடியாது. ஆகவே பட்டியலில் 'டிபிஆர்' என்று இருப்பதைத் தோல்வி என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், 'தேர்வுரிமை மறுப்பு' என்றே எழுதுங்கள்.