தலைவரம்மாவின் வீட்டுக்காரருக்குச் சட்டத்தில் என்ன இடம்?

சேலம் மாவட்டத்தில் 385 கிராம ஊராட்சிகள் உள்ளன. 2019 டிசம்பர் தேர்தலில் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. அடுத்த தேர்தலுக்கான பேச்சு வரும்போதெல்லாம் பெண்களுக்கு ஒதுக்கிய ஊர்களில் ஒரு கேள்வியும் கூடவே வரும்: "அந்தம்மா நின்னா, பார்க்கப்போறது யாரு? அவங்க வூட்டுக்காரர்தானே?"

சட்டம் இதற்கு நேராகவே பதில் சொல்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, வார்டு உறுப்பினர் உண்டு. தலைவரின் கணவர் என்று ஒரு பதவி கிடையாது. வாக்காளர் என்ற முறையில் கிராம சபையில் மற்றவர்களைப் போல அவரும் கீழே உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். அவ்வளவுதான். மன்றக் கூட்டத்தை நடத்துவது, ஊராட்சி செயலருக்கு உத்தரவு போடுவது, தீர்மானப் புத்தகத்தில் கை வைப்பது எதற்கும் அவருக்கு உரிமை இல்லை. தலைவர் வர முடியாத நாளில் அவர் இடத்துக்கு வர வேண்டியவர் துணைத் தலைவர்.

பணத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டும். இப்போது டிஜிட்டல் கையெழுத்தும் வந்துவிட்டது. அந்தக் கையெழுத்தைப் போட உதவும் சின்னக் கருவியையும் கடவுச்சொல்லையும் வீட்டுக்காரரிடம் கொடுத்து வைத்தால், பின்னால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் தலைவரம்மாதான். 205-ஆம் பிரிவின்படி ஆட்சியர் நடவடிக்கை எடுத்தாலும் பதவி போவது அவருக்குத்தான். அதிகாரம் ஒருவரிடமும் பழி இன்னொருவரிடமும் போய்ச் சேரும் இந்த ஏற்பாடு பெரிய அநியாயம்.

சரி, தலைவராக இருப்பவர் மணம் முடிக்காமல் ஒருவரோடு சேர்ந்து வாழ்கிறார் என்றால்? ஊராட்சியைப் பொறுத்தவரை அதனால் எதுவும் மாறாது. தாலி கட்டியவருக்கே இல்லாத இடம், கட்டாதவருக்கு மட்டும் எங்கிருந்து வரும்?

நாட்டின் அதிபர் அளவிலும் இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. பிரான்ஸ் அதிபர் சார்கோசி 2008 குடியரசு தினத்துக்கு விருந்தினராக டெல்லி வந்தபோது, அவரும் கார்லா புரூனியும் இன்னும் மணம் முடிக்கவில்லை. புரூனியும் உடன் வந்தால் எந்த வரிசையில் உட்கார வைப்பது, எப்படி வரவேற்பது என்று இங்கே பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் அவர் வரவில்லை; அடுத்த வாரமே பாரிஸில் கல்யாணம். ஆனால் 2013 பிப்ரவரியில் அதிபர் ஒல்லாந்தோடு, அவரை மணக்காத துணையான வலேரி திரியேர்வைலர் இந்தியாவுக்கு வந்தார். பாரிஸ் அதிபர் மாளிகையில் அவருக்கு அலுவலகமும் உதவியாளர்களும் இருந்தார்கள். அதெல்லாம் மரபால் வந்தது, எந்தச் சட்டமும் அவருக்குப் பதவி தரவில்லை. 2017-இல் அதிபர் மக்ரோனின் மனைவிக்காக மாளிகை வெளியிட்ட சாசனமும் அவருக்குச் சம்பளம் கிடையாது, தனி நிதி கிடையாது என்றுதான் சொன்னது.

நம் குடியரசுத் தலைவரின் கணவர் அல்லது மனைவிக்கும் ஆட்சியில் அதிகாரம் எதுவும் இல்லை. ஆனால் 1951-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியரசுத் தலைவர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்குக் குடும்ப ஓய்வூதியமும் மருத்துவ வசதியும் உண்டு.

மணமாகாத துணைக்குச் சட்டம் எதுவுமே தரவில்லை என்று நினைக்க வேண்டாம். கணவன் மனைவி போலவே நெடுங்காலம் சேர்ந்து வாழ்ந்த பெண்ணுக்கு, 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. இருவரும் திருமண வயதை அடைந்து, மணம் செய்யத் தடையில்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அது அவருடைய சொந்த வாழ்க்கைக்கான உரிமை, பொதுப் பதவிக்கான உரிமை ஆகாது.

இனி, உங்கள் ஊரில் கணவரோ வேறு உறவினரோ தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன செய்வது? முதலில் ஒன்றிய அலுவலகத்தில் கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் (பிடிஓ) எழுத்தில் கொடுங்கள். அசையவில்லை என்றால் ஆட்சியர் அலுவலகத்தில் ஊராட்சிகள் உதவி இயக்குநர் இருக்கிறார். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டமும் இருக்கிறது. ஏற்காட்டிலிருந்து மலை இறங்கி வருவது ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும், அதனால் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பி ரசீதை வைத்துக்கொள்வதும் நல்லதே. மனுவில் எந்த நாள், எந்தக் கூட்டம், யார் உட்கார்ந்தார் என்று மட்டும் எழுதுங்கள். தலைவரம்மாவைத் திட்டி எழுதினால், பாதிக்கப்பட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார்.

சேர்வராயன் மலை ஊர்களில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த தலைவரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் மிரட்டியோ தடுத்தோ வேலை செய்யவிடாமல் வைத்தால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவில் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை. இதற்கு ஒன்றிய அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, நேராகக் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.